கட்டிலும் வீடும்

விடியற்காலைத் திருப்பலிக்கு மணி ஒலிக்கும் வேளையில், ஓசூர்ச் சாலைகளில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்வதைக் காண்கிறோம். இரவுப் பணி முடித்து விடுதிக்குத் திரும்பும் இளம்பெண்கள் அவற்றில் பலர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கு அமைந்தது முதல், பிழைப்புத் தேடி வருவோர் பெருகியே வந்துள்ளனர். வேலை தருபவர் உறைவிடமும் தர வேண்டுமா? தந்தால் அது யாருக்குச் சொந்தம்? இக்கேள்விகள் பழையவை.

இங்கிலாந்தில் டைட்டஸ் சால்ட் என்னும் ஆலை அதிபர் 1853-இல் தம் கம்பளி ஆலையைத் திறந்து, அதனருகே சால்ட்டேர் என்னும் ஊரையே எழுப்பினார். பள்ளி, மருத்துவமனை, பூங்கா யாவும் அமைந்தன. மதுக்கடைக்கு மட்டும் இடமில்லை. ஆயினும் வீடுகள் வாடகைக்கே விடப்பட்டன. கூலி தந்த கையே கூரையையும் வைத்திருந்தது.

1891 மே 15 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளி குடும்பம் காக்கப் போதிய கூலி பெற வேண்டும். அதில் மிச்சம்பிடித்துச் சிறு உடைமையேனும் தேடிக்கொள்ள வழி வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். அடுத்த ஆண்டே, 1892-இல், மதுரையில் ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை இயங்கத் தொடங்கியது.

அந்த மதுரை ஆலை நிறுவனம், நாடு விடுதலை அடையுமுன்பே, திருப்பரங்குன்றத்தின் அருகே தன் தொழிலாளருக்கென ஓர் ஊரைத் திட்டமிட்டு அமைத்தது. அதுவே ஹார்விபட்டி. மாதத் தவணை செலுத்தித் தொழிலாளி வீட்டைத் தனதாக்கிக்கொள்ள அங்கு வழி செய்யப்பட்டது. இது சால்ட்டேரில் இல்லாத ஒன்று. 1974-இல் ஆலை நிறுவனம் கோட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து 'மதுரா கோட்ஸ்' ஆனது. தனிப் பேரூராட்சியாக விளங்கிய ஹார்விபட்டி 2011-இல் மதுரை மாநகராட்சியில் சேர்ந்தது. நிறுவனத்தின் பெயர் மாறியது, ஊர் நிலைத்தது.

இன்று நம் மாநிலத்தில் எழுபவை பெரும்பாலும் விடுதிகள். திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 2024-இல் திறக்கப்பட்ட விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம். பாதுகாப்பான உறைவிடம் நன்றே. அதைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் கட்டில் வேலையோடு முடிந்துவிடும். வீடு மக்களுக்கும் பேரர்க்கும் நிற்கும். நாளை இப்பெண்கள் மணமுடித்துக் குடும்பம் நடத்த இவ்வூரில் இடம் உண்டா? தொழிற்பேட்டைகளுக்கு நிலம் ஒதுக்குகையில் ஹார்விபட்டியையும் நினைவுகூரும்படி நாம் கேட்க வேண்டும்.