எல்விஸ் பிறெஸ்லி: ஒரு புகழின் உடைமை வரலாறு

1954ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஓரிரவு, அமெரிக்காவின் மெம்பிஸ் நகர வானொலி நிலையமொன்று புதிய பாடலொன்றை ஒலிபரப்பியது. பாடியவர் கறுப்பினத்தவர் என்றே கேட்டோர் பலர் எண்ணினர். அன்றிரவே நிலையத்துக்கு வரவழைக்கப்பட்ட பத்தொன்பது வயது இளைஞரிடம், அவர் கல்வி கற்ற பாடசாலை எதுவென அறிவிப்பாளர் டூயி பிலிப்ஸ் வினவினார். பாடசாலையின் பெயரே பாடகரின் நிறத்தை உணர்த்திவிட்டது. பாடசாலைகளில் இனப்பிரிவினை அரசியல் யாப்புக்கு முரணானதென அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது இரண்டு மாதங்கூட நிறைவுறவில்லை.

எல்விஸ் பிறெஸ்லியின் செல்வாக்கைக் குரல்வளத்தாலும் தோற்றக் கவர்ச்சியாலும் விளக்குவது வழக்கம். இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயின் 1977 ஓகஸ்ட் 16இல் மறைந்த ஒருவரின் புகழ் இன்றுவரை நிலைப்பதற்குக் குரல் மட்டும் காரணமாகாது. பாட்டு எவருடைய உடைமையாயிருந்தது என்ற வினாவையும் எழுப்பியாதல் வேண்டும்.

1935இல் மிசிசிப்பி மாநிலத்து டூப்பெலோவில் ஈரறை வீடொன்றில் அவர் பிறந்தார். தந்தையார் காசோலையொன்றைத் திருத்திய குற்றத்துக்காகச் சிறையிருந்தவர். 1948இல் மெம்பிசுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அரசாங்கக் குடியிருப்பில் வாழ்ந்தது. பாடசாலையை விட்டபின் எல்விஸ் லொறிச் சாரதியானார். கறுப்பின மக்களின் புளூஸ் இசையும் தேவாலயப் பாடலும் அவ்வறிய சூழலிலே அவர் செவிகளை நிறைத்தன. எனவே அவரைக் கறுப்பர் இசையைக் களவாடியவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது வரலாற்றை மலினப்படுத்துவதாகும். தமக்கு முன்னரே கறுப்பினத்தவர் இவ்வாறு பாடிவந்தனர் என்பதை, ஆர்தர் குறூடப்பின் பெயரைச் சுட்டி, 1956இல் அவரே பத்திரிகையாளரிடம் கூறியுள்ளார்.

அன்றிரவு ஒலித்தது அந்தக் குறூடப் இயற்றி, 1946இல் ஒலிப்பதிவு செய்த பாடலே. கூலி விவசாயியாக உழைத்த அவர், தம் ஆக்கங்களுக்குரிய உரிமைத்தொகையின் பெரும்பகுதியைக் காணாமலே 1974இல் இறந்தார். ஒற்றிஸ் பிளக்வெல் என்ற கறுப்பினப் பாடலாசிரியரோ, தாம் தனித்து இயற்றிய பாட்டில் எல்விஸின் பெயரும் ஆசிரியராகப் பொறிக்கப்படுவதற்கு இணங்க வேண்டியிருந்தது. இது தனியொருவரின் பேராசையன்று; பாடல்களை வெளியிடும் நிறுவனங்கள் கையாண்ட வியாபார முறை.

1955 நவம்பரில் ஆர்.சி.ஏ. நிறுவனம் 35,000 டொலருக்கு எல்விஸின் ஒப்பந்தத்தைச் சன் நிறுவனத்திடமிருந்து வாங்கியது. அடுத்த ஆண்டு எட் சலிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரைக் கண்டோர் ஏறத்தாழ ஆறு கோடிப் பேர். பின்னர் இராணுவ சேவை, 31 கதைப்படங்கள், லாஸ் வேகாஸ் மேடை. (அப்படங்களுட் பலவற்றைப் பற்றி எழுதாமல் விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.)

1973இல் நிகழ்ந்ததே முக்கியமானது. அதற்கு முற்பட்ட ஒலிப்பதிவுகளுக்குரிய உரிமைத்தொகை அனைத்தும் 54 இலட்சம் டொலருக்கு அதே நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பணத்தில் பாதி முகாமையாளர் பாக்கருக்குப் போயிற்று. குறூடப்பைப் போலவே, ஆனால் செல்வச் செழிப்பின் நடுவே, எல்விஸும் தம் உழைப்பின் விளைபொருளிலிருந்து அந்நியமானார்.

ஆகவே அவர் மறைந்தபின் குடும்பத்தாரிடம் எஞ்சியவை வீடும் பெயருமே. 1982இல் கிரேஸ்லாண்ட் மாளிகை கட்டணம் பெற்றுத் திறக்கப்பட்டது. பெயரின் நிலையோ ஐயத்துக்குரியதாயிருந்தது. எல்விஸின் சிறு உருவச்சிலைகள் தொடர்பான வழக்கொன்றில், ஒருவரது புகழைப் பயன்படுத்தும் உரிமை அவரது மரணத்துக்குப்பின் வாரிசுகளைச் சேராதென மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 1980இல் தீர்ப்பளித்திருந்தது. 1984இல் டெனசி மாநிலச் சட்டமன்றம் இறந்தவரின் பெயரையும் உருவத்தையும் மரபுரிமைச் சொத்தாக்கிச் சட்டமியற்றியது. உயிரோடிருந்த குறூடப்புக்குக் கிட்டாத பாதுகாப்பு, மறைந்த எல்விஸின் முகத்துக்குக் கிடைத்தது.

எனினும், அம்மாளிகை பார்வையாளருக்குத் திறக்கப்படுமுன்பே, ஓகஸ்ட் மாத நினைவுநாளில் அதன் வாயிலருகே மக்கள் மெழுகுவர்த்தி ஏந்திக் கூடத் தொடங்கியிருந்தனர்.