புகையானுக்கும் டார்வினுக்கும் என்ன சம்பந்தம்? 10ஆம் வகுப்பு பாட சர்ச்சை: எளிய விளக்கம்

2023-24 கல்வியாண்டு. மயிலாடுதுறையில் ஒரே தெருவில் இரண்டு மாணவர்கள் 10ஆம் வகுப்பு படித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மாநிலப் பாடத்திட்டம். அவருடைய அறிவியல் புத்தகத்தில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று தனிப் பாடமே இருந்தது. இன்னொருவர் சிபிஎஸ்இ. அவருடைய புத்தகத்தில் பரிணாமம் பற்றிய பகுதி நீக்கப்பட்டிருந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? இதனால் யாருக்கு இழப்பு? விரிவாகப் பார்க்கலாம்.

எதை நீக்கினார்கள்?

என்சிஇஆர்டியின் 10ஆம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்று இருந்த பாடம் வெறும் ‘மரபு’ ஆனது. டார்வின், பூமியில் உயிரின் தோற்றம், புதைபடிவங்கள், மனிதப் பரிணாமம் எல்லாம் வெளியே போயின. கொரோனா காலத்துக்குப் பின் பாடச்சுமையைக் குறைக்கும் நடவடிக்கை இது என்று விளக்கம் தரப்பட்டது.

2023 ஏப்ரலில், விஞ்ஞானிகள், ஆசிரியர்கள் உள்ளிட்ட 1,800-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட எதிர்ப்புக் கடிதம் வெளியானது. 12ஆம் வகுப்பு உயிரியலில் பாடம் அப்படியேதான் இருக்கிறது என்றது மத்திய அரசு. அது உண்மைதான். ஆனால் 10ஆம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடுபவர்கள் ஏராளம். அவர்கள் பரிணாமத்தைப் படிக்காமலேயே பள்ளியை முடித்துவிடுவார்கள் என்பதுதான் விஞ்ஞானிகளின் கவலை.

இது முதல் சர்ச்சையா?

இல்லை. 2018 ஜனவரியில் அப்போதைய மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை என்ற பொருளில் பேசினார். நாட்டின் மூன்று முன்னணி அறிவியல் கழகங்கள் சேர்ந்து உடனே மறுப்பு அறிக்கை வெளியிட்டன.

இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று டார்வின் சொல்லவே இல்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது. சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு கிளைகளாகப் பிரிந்தன. அதாவது, குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, தூரத்துப் பங்காளி.

சரி, புகையான் எங்கே வருகிறது?

குறுவை, சம்பா, தாளடி எதுவானாலும் டெல்டா விவசாயி பயப்படும் பூச்சி புகையான். தூரில் உட்கார்ந்து சாறை உறிஞ்சும். பயிர் திட்டுத் திட்டாகக் காய்ந்து கருகிப்போகும். “அதே மருந்தைத்தான் அடிக்கிறோம், இப்போ கேக்க மாட்டேங்குது, பூச்சி பழகிடுச்சு” என்ற பேச்சை வயல் பக்கம் சாதாரணமாகக் கேட்கலாம்.

உண்மையில் எந்தப் பூச்சியும் பழகுவதில்லை. ஒரு வயலில் உள்ள லட்சக்கணக்கான பூச்சிகளில் சிலவற்றுக்கு மட்டும் பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் மரபணு இருக்கும். மருந்து அடித்ததும் மற்றவை சாகும், இவை பிழைக்கும். அடுத்த தலைமுறை முழுக்க இவற்றின் வாரிசுகள். திரும்பத் திரும்ப அதே மருந்தை அடித்தால், தாங்கும் பூச்சிகளே வயலில் நிறைந்துவிடும். டார்வின் சொன்ன ‘இயற்கைத் தேர்வு’ இதுதான்.

ரகங்களிலும் இது நடந்திருக்கிறது. புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.26 நெல் 1973-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. சில ஆண்டுகளிலேயே அதையும் தின்னக்கூடிய புகையான் பெருகிவிட்டது.

இதற்கு நேர்மாறாக, மனிதனே தேர்ந்தெடுப்பது ‘செயற்கைத் தேர்வு’. நல்ல கதிரை விதைக்கு எடுத்துவைத்த நம் முன்னோர் செய்தது அதைத்தான். 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், நல்ல குணங்களை ஒட்டுச்சேர்த்துத் தேர்ந்தெடுத்துத்தான் ரகங்களை உருவாக்குகிறது. டார்வினும் 1859-ல் வெளிவந்த தன் நூலின் முதல் அத்தியாயத்தை வீட்டு விலங்குகள், பயிர்களை வைத்துத்தான் எழுதினார்.

‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்பது என்ன?

உயிர்கள் இவ்வளவு சிக்கலாக இருப்பதால், அறிவுள்ள ஒருவர்தான் இவற்றை வடிவமைத்திருக்க வேண்டும் என்ற வாதம் இது. அமெரிக்காவின் டோவர் நகரப் பள்ளிகளில் இதை அறிவியல் வகுப்பில் நுழைத்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டனர். இது அறிவியல் அல்ல, மதக் கருத்து என்று 2005 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்விக்குப் பரிணாமம் பதில் சொல்வதில்லை. கோயிலுக்குப் போகிறவரும் பரிணாமத்தை ஏற்கலாம். சோதித்துப் பார்க்க முடியாத ஒன்றை அறிவியல் பாடமாக வைக்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

முதல் உயிர் எப்படி வந்தது?

இது தனிக் கேள்வி. உயிர் தோன்றிய பிறகு எப்படி மாறியது என்பதைத்தான் பரிணாமம் விளக்குகிறது. மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி கலவையில் மின்பொறி பாய்ச்சி, புரதத்தின் மூலப்பொருளான அமினோ அமிலங்கள் உருவாவதை ஸ்டான்லி மில்லர் 1953-ல் காட்டினார். ஆனால் அங்கிருந்து முதல் செல் வரை என்ன நடந்தது என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. அதற்காகப் பரிணாமமே பொய் என்று ஆகிவிடாது.

படிக்காவிட்டால் என்ன நஷ்டம்?

10ஆம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வயலுக்கு வரும் ஒருவருக்குத்தான் இந்தப் பாடம் ரொம்பத் தேவை. மருந்து கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டத்தான் தோன்றும். தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர், வேறு விதமாகச் செயல்படும் மருந்துக்கு மாறுவார். யூரியாவைக் குறைப்பார், எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விடுவார், தண்ணீரை வடித்துக் காயவிடுவார்.