ஆடிக் காற்றும் நெத்திலிக் கணக்கும்

சித்திரை வெயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியதும் ‘அழிகண்மாய்’ என்று ஊருக்குள் பேச்சுக் கிளம்பிவிடும். ஊத்தாவும் கச்சா வலையும் தூக்கிக்கொண்டு சனம் இறங்கும். விரால், கெண்டை, கெளுத்தி, ஜிலேபி என்று மதியத்துக்குள் அள்ளி முடிந்துவிடும். அந்த ஆண்டு கண்மாயில் எவ்வளவு மீன் கிடந்தது என்பது அன்று மாலையே ஊருக்குத் தெரியும். மீன்பாசி ஏலம் எடுப்பவருக்கு இந்த வசதி கிடையாது. தண்ணீர் தளும்பி நிற்கும்போதே, உள்ளே கிடப்பதைப் பார்க்காமலே, அவர் ஒரு தொகை சொல்லியாக வேண்டும். விட்ட குஞ்சு எத்தனை, தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும், போன தடவை என்ன தேறியது என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும்.

கடல் மீனை மதிப்பிட வந்தவர்களுக்கு வாய்த்ததும் இந்த ஏலக்காரரின் நிலைதான். அவர்களுடைய கண்மாய் ஒருநாளும் வற்றாது. அதிலும் சாளை, கும்புளா, நெத்திலி போல நீரின் மேல்மட்டத்திலும் நடுவிலும் கூட்டமாகத் திரியும் மீன்கள் இன்று இருந்த இடத்தில் நாளை இருப்பதில்லை. தென்கோடிக் கடலில் இந்த மீன்களைக் கணக்கெடுத்த வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. மலையடிவாரத்து ஊர்களான ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அதில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் கேள்வி மாறிவிடும்.

ராஜபாளையத்திலிருந்து தூத்துக்குடிக் கரை நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்குள் வருகிறது. மேற்கே மலையைத் தாண்டினால் கொல்லத்துக் கரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிறது ஊர். இந்த மலைச்சரிவுகளில் இறங்கும் ஓடைகள் வைப்பாற்றில் சேர்ந்து, சாத்தூரைக் கடந்து மன்னார் வளைகுடாவில் விழுகின்றன. 1904இல் செங்கோட்டை வழியே கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1927இல் விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை வந்து அதோடு சேர்ந்துகொண்டது. நிர்வாகக் கணக்கில் பார்த்தால் உறவு இன்னும் நெருக்கம். 1910இல் உருவான ராமநாதபுரம் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடக்கம். 1985இல் விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை, மேற்கு ஓரத்தில் ராஜபாளையத்து மலையும் கிழக்கு ஓரத்தில் மண்டபத்துக் கடலும் ஒரே மாவட்டம். இந்தியாவின் கடல் மீன் கணக்கு வடிவம் பெற்றது அந்த மண்டபத்தில்தான்.

அதற்கும் முன்னால் அந்தக் கடலில் எண்ணப்பட்டது முத்துச்சிப்பி. டச்சுக்காரர் காலத்திலும் பிறகு ஆங்கிலேயர் காலத்திலும், முத்துக் குளிப்பை அறிவிப்பதற்கு முன், சிப்பி கிடக்கும் கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களைப் பார்வையிடுவது வழக்கம். குளியாட்கள் குறித்த இடங்களில் மூழ்கிச் சிப்பி எடுத்து வருவார்கள். மாதிரிக்கு எடுத்த சிப்பிகளைத் திறந்து, கிடைத்த முத்துக்கு விலை மதிப்பார்கள். சிப்பி முதிரவில்லை, முத்து தேறவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. கொஞ்சத்தை எடுத்துப் பார்த்து முழுதையும் மதிப்பிடும் முறை இந்த வளைகுடாவில் அத்தனை பழையது. தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961இல் நடந்து முடிந்தது. சிப்பி பாரிலேயே ஒட்டிக் கிடப்பதால் அந்தக் கணக்கு செல்லுபடியானது. நெத்திலிக்கு அது உதவாது.

மீனுக்கு முதலில் கணக்கு வைத்தது உப்பு. பிரிட்டிஷ் இந்தியாவில் உப்புக்கு வரி கடுமை. கருவாடு போடுகிறவர்களுக்கு மட்டும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வரியில்லா உப்பு தர, சென்னை மாகாணக் கரையோரம் உப்பிடும் முற்றங்களை அரசு அமைத்தது. மீனின் எடைக்கு ஏற்ப உப்பு என்பது ஏற்பாடு. ஆகவே வந்த மீனை நிறுத்து எழுத வேண்டியிருந்தது. உப்பு கடத்தப்படாமல் இருக்க எழுதிய அந்தக் குறிப்புகளே எந்த ஆண்டு எவ்வளவு மீன் வந்தது என்பதற்கான முதல் சான்றாக நின்றன. அந்த முற்றங்களின் கருவாடு மூட்டை மூட்டையாக உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போனது. ஐஸ் வராத காலத்தில் கரிசல்காட்டு வீடுகளுக்குக் கடல் மீன் என்றால் கருவாடுதான்.

1905இல் மாகாணத்தின் மீன்வளத்தை ஆராயும் பொறுப்பு சர் ஃபிரடெரிக் நிக்கல்சனிடம் ஒப்படைக்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் பற்றி அறிக்கை எழுதிப் பெயர் பெற்றவர் அவர். 1907இல் மீன்வளத் துறை பிறந்தது. அதில் வந்து சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், ஏற்கெனவே இலங்கை முத்துப் பார்களில் ஆய்வு செய்தவர். அவரும் ராமசாமி நாயுடுவும் மலபார்க் கரையின் மத்தி என்னும் சாளை இன மீனை ஆராய்ந்து 1920களில் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. மத்தி ஓர் ஆண்டு கரையெல்லாம் குவியும். இன்னோர் ஆண்டு அடியோடு காணாமல் போகும். ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் கடலின் நுண்ணுயிர் மிதவைகளில் விடை தேடினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1914இல், நார்வேயின் யோஹான் யோர்ட் இதே புதிரை ஹெர்ரிங் மீனில் ஆராய்ந்து, எந்த ஆண்டில் பிறந்த குஞ்சுகள் அதிகம் பிழைத்தன என்பதே பின்னாளைய மீன்பாட்டைத் தீர்மானிக்கிறது என்று காட்டியிருந்தார். 1940களில் மலபாரில் மத்தி மறுபடி மறைந்தபோது மாகாண அரசு சில வலைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. கடலில் மீன் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமலே போட்ட கட்டுப்பாடு அது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரி 3 அன்று சென்னையில் தொடங்கி, 1949இல் மண்டபம் கேம்ப்புக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களைத் தடுத்து நிறுத்திச் சோதித்த முகாமால் பெயர் பெற்ற இடம் அது. அங்கிருந்தவர்கள் எதிர்கொண்ட வேலை மலைப்பானது. ஆயிரக்கணக்கான கடற்கரை ஊர்கள். கட்டுமரம், வள்ளம், தோணி என்று விதவிதமான கலங்கள். எல்லாவற்றையும் எண்ண ஆளும் இல்லை, பணமும் இல்லை. 

அவர்கள் கண்ட வழி எளிமையானது. கரையை மண்டலங்களாகப் பிரித்து, சில துறைகளையும் சில நாட்களையும் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்கெடுப்பவர் தேர்ந்த நாளில் பகல் 12 மணிக்குத் துறைக்குப் போய் மாலை 6 வரை நிற்பார். மறுநாள் காலை 6 முதல் 12 வரை மீண்டும். இடைப்பட்ட இரவில் வந்த மீனைக் கரையில் விசாரித்து எழுதிக்கொள்வார். படகுகள் 15க்குள் என்றால் எல்லாவற்றையும் பார்ப்பார். மிஞ்சினால் இடைவெளி விட்டுச் சிலவற்றைப் பார்ப்பார். ஒரு சில கூடைகளிலிருந்து ஒரு நாட்டின் மீன்பாடு வரை பெருக்கிக்கொண்டே போகும் இந்த முறை, மேம்பாடுகளோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் நாட்டின் கடல் மீன்பாடு ஆண்டுக்கு 5 லட்சம் டன்னை ஒட்டி இருந்தது. 2023இல் அது 35 லட்சம் டன். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவதே அந்தத் துறைமுக வெயிலில் நின்றவர்களால்தான்.

அவர்களுக்கு மீன் மட்டுமல்ல, பேச்சும் தெரிந்திருக்க வேண்டும். தூத்துக்குடிக்காரர் சீலா என்பதைச் சென்னைக்காரர் வஞ்சிரம் என்கிறார். சென்னையில் ஷீலா என்று கேட்டால் வேறு மீனைக் காட்டுவார்கள். ராமேசுவரத்தில் கும்புளா, குமரிக்கு மேற்கே அயிலை, சென்னையில் காணாங்கெளுத்தி, எல்லாம் ஒரே மீன். கேட்டதை அப்படியே எழுதினால் ஒரே மீன் மூன்று கட்டத்தில் ஏறிவிடும்.

ஆனால் கரைக்கு வந்த மீனை எண்ணுவது வேறு, கடலில் இருக்கும் மீனை அறிவது வேறு. மீன்பாடு குறைந்தால் மீன் குறைந்தது என்றும் கொள்ளலாம். காற்று பலத்துப் படகு போகவில்லை என்றும் கொள்ளலாம். மீன் படகு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது என்றும் கொள்ளலாம். கூடையைப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது.

இதற்கு ஒலி வழி காட்டியது. 1935இல் நார்வேயின் ஆஸ்கார் சுண்ட், லோஃபோட்டன் தீவுகளை ஒட்டி ஆய்வுக் கப்பலின் ஆழமானியில் காட் மீன் கூட்டம் பதிவானதை வெளியிட்டார். கப்பலின் அடியிலிருந்து போகும் ஒலித் துடிப்பு கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. தரையில் மோதித் திரும்புவதற்குள் வழியில் மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையிலும் பட்டுத் திரும்புகிறது. மீன் கூட்டம் அடர்ந்திருந்தால் எதிரொலி வலுக்கும். 1960களில் நார்வேக்காரர்கள் அந்த எதிரொலிகளைக் கூட்டித் தொகை போடும் கருவியைக் கொண்டுவந்தார்கள். கப்பல், உழவுச்சால் போல ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கடலில் கோடு போட்டுப் போகும். தடித்த எதிரொலி கிடைத்த இடத்தில் வலை இறக்கி, அது என்ன மீன் என்று பார்ப்பார்கள். வஞ்சிரத்துக்குக் காற்றுப்பை கிடையாது. அதனால் அதன் எதிரொலி மெலிந்தே கேட்கும். நெத்திலிக்கும் சாளைக்கும் அந்தப் பை உண்டு.

1971இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும், உணவு வேளாண்மை நிறுவனமும், இந்திய அரசும் சேர்ந்து கொச்சியில் மேல்மட்ட மீன்வளத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. மண்டபத்து நிலையத்தின் தலைமையகமும் அதே ஆண்டில் கொச்சிக்குப் பெயர்ந்தது. திட்டத்தின் கப்பல்களில் இரண்டு, ‘சார்டினெல்லா’, ‘ராஸ்ட்ரெல்லிகர்’. ஒன்று சாளை இனத்தின் அறிவியல் பெயர், மற்றது கும்புளாவினுடையது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியிலிருந்து குமரிமுனையைச் சுற்றித் தூத்துக்குடி வரை அவை ஒலி அனுப்பிக்கொண்டே போய்வந்தன. மேலிருந்து மீன் கூட்டத்தைத் தேட விமானமும் பறந்தது.

அவர்கள் தேடிப்போனது மத்தியையும் அயிலையையும். பெரும் வளமாகக் கண்டுபிடித்தது நெத்திலியை. கரையோர வலையில் கொஞ்சம் கொஞ்சமாக விழும் சின்ன மீன் என்று ஏடுகளில் கிடந்த நெத்திலி, கடலுக்குள் எவ்வளவு பெரிய திரளாக நிற்கிறது என்பது எதிரொலியில் தெரிந்தது. அதைவிட முக்கியமானது அதன் போக்கு. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் மேற்குக் கரையின் நெத்திலி தெற்கே நகர்கிறது. ஆடி, ஆவணியில் குமரிமுனையைத் தாண்டி மன்னார் வளைகுடாவில் வந்து குவிகிறது. காற்று தணிந்ததும் வந்த வழியே வடக்கே திரும்புகிறது. கொல்லத்தில் காணாமற்போன மீன் அந்த மாதங்களில் வளைகுடாக் கரையின் மணப்பாட்டுப் பக்கம் நின்றது.

அதற்கு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் காற்றில் தொடங்குகிறது. அந்தப் பருவத்தில் கேரளக் கரையோரம் மேல்நீர் கடலை நோக்கி விலக, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அதில் சத்து அதிகம். மிதவை உயிர்கள் பெருகும். ஆனால் பிராணவாயு குறைவு. அந்த நீர் கரையோர அடித்தளத்தில் பரவும்போது நெத்திலிக்கு அங்கே நிற்க முடிவதில்லை.

ஆனி, ஆடியில் மலைமேல் மேகம் முட்டி நிற்க, கீழே ராஜபாளையத்தில் தெருப்புழுதியை வாரிக்கொண்டு ஓடுகிறதே ஒரு காற்று, அது இதே காற்றுதான். மழையை மேற்கே இறக்கிவிட்டுச் சாரலை மட்டும் கொண்டுவரும். தூத்துக்குடிக் கடலோடிகள் கச்சான் என்று பெயர் சொல்லும் மேல்காற்று. மலைக்கு அந்தப் பக்கம் மீனைத் தெற்கே தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் வந்து கண்மாயைக் காயவைக்கிறது.

மணப்பாடு, பெரியதாழைக் கடலோடிகளுக்கு ஆடி நெத்திலி புதுச் செய்தியா? இல்லை. குமரிக் கரையில் மலைமுகடுகளை ஒன்றோடொன்று பொருத்திக் கணிச்சம் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பாரின் மேல் துல்லியமாகப் படகை நிறுத்தத் தெரிந்தவர்கள் அவர்கள். நீரின் நிறம், பறவையின் இறக்கம், இரவில் மினுங்கும் அலை என்று மீன் கூட்டத்தை அறியும் கலையும் அவர்களுடையது. கொல்லத்துக்காரருக்கு மீன் போனது தெரியும். மணப்பாட்டுக்காரருக்கு மீன் வந்தது தெரியும். போனதும் வந்ததும் ஒரே திரள் என்பதற்கு இரண்டு கரையையும் ஒரே ஓட்டத்தில் பார்த்த கண் வேண்டியிருந்தது. அந்தக் கப்பல்களின் பெரிய கொடை இதுதான். டன் கணக்கில் திட்டத்தினர் தந்த மதிப்பீடுகளைப் பின்னாள் ஆய்வாளர்கள் கூட்டிக் குறைக்கலாம். அந்த வழித்தடத்தைக் காட்டியது நிற்கிறது.

அதன் பிறகு வந்தவை பல. 1978 முதல் 1980 வரை நார்வேயின் ‘டாக்டர் ஃப்ரிட்யோஃப் நான்சன்’ கப்பல் வளைகுடாவின் மறுகரையான இலங்கைக் கடலை அளந்தது. 2018இல் அதே பெயர் தாங்கிய புதிய கப்பல் மறுபடி வந்தது. 1984இல் டென்மார்க்கில் கட்டிய 71.5 மீட்டர் நீள ‘சாகர் சம்பதா’ இந்தியாவின் சொந்த ஆய்வுக் கப்பலானது. இப்போது ஹைதராபாத்தின் கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பத்தையும் நிறத்தையும் வைத்து மீன் கூடும் இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. இத்தனைக்குப் பிறகும் மத்தி பழைய குணத்தை விடவில்லை. 1980களின் நடுப்பகுதி வரை கிழக்குக் கரையில் அரிதாக இருந்த அது, பிறகு தமிழ்நாட்டுக் கரையில் பெருவாரியாகப் படத் தொடங்கி, ‘பேச்சாளை’ என்ற பெயரில் உள்நாட்டுச் சந்தை வரை வந்தது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் 3,297 டன்னாகச் சுருங்கியது.

மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேற்கே தடை நடக்கும்போதே நெத்திலி குமரிமுனையைச் சுற்றிக் கிழக்கே வந்துவிடுகிறது. இங்கே அப்போது தடை முடிந்து விசைப்படகுகள் இறங்கியிருக்கும். ஒரே திரளுக்கு இரண்டு நாட்காட்டி பொருந்துமா என்பதை 1970களின் வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு மீண்டும் பேச வேண்டும்.

ஆடி மாதம். காற்று கதவை அறைகிறது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு துறையில் பகல் 12 மணிக்குக் கணக்கெடுப்பவர் வந்து நிற்கிறார். முதல் படகின் கூடை இறங்குகிறது. அதிலிருந்து காயப்போட்ட நெத்திலி சில நாளில் ராஜபாளையம் சந்தையில் சாக்கு விரித்துக் குவிந்திருக்கும்.