சென்ற ஆண்டின் இதே நாள்வரை விற்பனை

சென்ற ஆண்டின் இதே நாள்வரை விற்பனை என்பது, கணக்காண்டின் முதல் நாளிலிருந்து இன்றுவரை ஆன விற்பனையோடு ஒப்பிடுவதற்காக, முந்தைய ஆண்டில் அதே இடைவெளியில் நடந்த விற்பனையைக் கூட்டிப் பெறும் தொகை. 2024 நவம்பர் 10 அன்று எடுக்கும் அறிக்கையில், 2023 ஏப்ரல் 1 முதல் நவம்பர் 10 வரையிலான விற்பனை இதில் அடங்கும். கூட்டலில் சிக்கல் இல்லை; ஆண்டு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்தான் பிழை நேர்கிறது.

ஆண்டு வகைகள்: விழுப்புரம் மாவட்டத்து முகையூர் போன்ற ஓர் ஊரில் ஒரே வேளையில் பல ஆண்டுகள் புழங்குகின்றன. வருவாய்த்துறையின் பசலி ஆண்டு, அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி ஏற்பட்ட முறையின் எச்சம். தமிழ்நாட்டில் இது ஜூலை 1 அன்று பிறக்கும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. கிராமக் கணக்குகளும் ஜமாபந்தி எனும் ஆண்டு வருவாய்த் தணிக்கையும் இன்றும் இதன்படியே நடக்கின்றன. சர்க்கரை ஆலைக்கு ஆண்டு அக்டோபரில் தொடங்குகிறது. நெல் கொள்முதல் பருவமும் அப்படியே இருந்தது. தமிழ்நாட்டில் 2022-இல் அதைச் செப்டம்பர் 1-க்கு முன்தள்ளினார்கள். அந்த ஆண்டின் கொள்முதலை முந்தைய பருவத்தோடு ஒப்பிட்டவர்கள் ஒரு மாத வேறுபாட்டைக் கழிக்க வேண்டியிருந்தது. கடைக்காரரின் ஆண்டோ ஏப்ரல்–மார்ச். பிரிட்டிஷ் இந்திய அரசு 1867-இல் கொண்டுவந்த மாற்றம் இது. அதற்கு முன் நிதியாண்டு மே 1 அன்று தொடங்கியது.

ஆண்டு விற்பனையைக் கூட்டிச் சொல்லும் கடமையைச் சென்னை மாகாண வணிகர்மீது சுமத்தியது 1939-இன் பொது விற்பனை வரிச் சட்டம். மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட ராஜாஜி அமைச்சரவை இயற்றிய சட்டம் அது. பின்னாளில் சரக்கு, சேவை வரி 2017 ஜூலை 1 அன்று, அதாவது நிதியாண்டின் நடுவே, நடைமுறைக்கு வந்தது. ஆகவே 2017–18-க்கான ஒப்பீட்டை வரி நீக்கிய விலையில் செய்வதே முறை.

மென்பொருளில்: பவர் பிஐ என்ற தரவு அறிக்கை மென்பொருளில் ‘டோட்டல்ஒய்டிடி’ என்ற சார்பு, நாமாகச் சொல்லாவிட்டால் ஆண்டு டிசம்பர் 31-இல் முடிவதாகவே எடுத்துக்கொள்ளும்; மார்ச் 31 என்று தனியே குறிக்க வேண்டும். இதைச் ‘சேம்பீரியட்லாஸ்ட்இயர்’ சார்போடு சேர்த்தால் முந்தைய ஆண்டுத் தொகை கிடைக்கும். ஆனால் தேதி அட்டவணை மார்ச் வரை நீண்டிருந்து, இன்றைய நாளோடு வெட்டப்படாவிட்டால், நடப்பு ஆண்டுக்கு ஏழு மாத விற்பனையும் சென்ற ஆண்டுக்குப் பன்னிரண்டு மாத விற்பனையும் அருகருகே நிற்கும். வியாபாரம் படுத்துவிட்டது என்று முதலாளி பதறுவதற்கு அது போதும்.

பண்டிகை நாள் இன்னொரு இடறல். தீபாவளி 2023-இல் நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. நவம்பர் 10 வரை கூட்டினால், ஜவுளிக்கடைக்கு 2024-இல் முழுத் தீபாவளி விற்பனையும் வந்துவிடும். 2023-இல் கடைசி நாள் கூட்டம் விடுபடும். இத்தகைய கடைகளுக்குத் தேதியை அல்ல, தீபாவளிக்கு முன்னும் பின்னும் எண்ணிய நாள்களையே ஒப்பிட வேண்டும். மாவட்டவாரி அறிக்கையில் எல்லை மாற்றமும் இடறலாகும்: 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சியின் விற்பனையைப் பழைய விழுப்புரத் தொகையிலிருந்து நீக்க வேண்டும்.

இன்றைய நிலை: டாலி என்ற கணக்கு மென்பொருளை வைத்திருக்கும் சிறு கடைகள் அதில் இன்னொரு பத்தியைச் சேர்த்துச் சென்ற ஆண்டின் தேதிகளைக் கொடுத்துப் பார்க்கின்றன; ஜோஹோ அனலிடிக்ஸிலும் இவ்வசதி உண்டு.