வாடகைச் சீட்டு இல்லாத வீடு

நான் பிறந்தது உம்பாயில். மலாக்காவிலும் ஜாசினிலும் கோர்ட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். தீர்ப்பில் ‘காலியான உடைமையை ஒப்படைக்கவும்’ என்று வரும். கூண்டில் நிற்கும் அம்மாவுக்கு அது புரியாது. "சாமான் சட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு வீட்டை விட்ரணும்மா" என்றுதான் சொல்வேன்.

மலாக்கா டவுன் கடைவீடுகளில் அந்தப் பேச்சுக்கு வெகுநாள் இடமில்லாமல் இருந்தது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 31.1.1948-க்குள் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை உயரவிடாமல் வைத்திருந்தது. சட்டம் சொன்ன காரணம் இல்லாமல் குடியிருப்பவரை எழுப்பவும் முடியாது. 1997-ல் அதை ரத்து செய்தார்கள். கொடுத்த அவகாசம் 1999 டிசம்பரோடு தீர்ந்தது. தாத்தா காலத்து வாடகையில் கடை நடத்திய தையல்காரர்களும் மளிகைக்காரர்களும் புது வாடகையைக் கேட்டு மலைத்துப் போனார்கள்.

வாடகைக்காரரை எழுப்பும் வழக்குகளுக்கு வாசல் செஷன்ஸ் கோர்ட்டு. மற்ற சிவில் வழக்குகளில் அதன் கை முன்பு 2,50,000 வெள்ளி வரைதான் நீண்டது. 2013 மார்ச் முதல் தேதியிலிருந்து 10 லட்சம் ஆனது. ஆனால் வீட்டுக்காரர் - வாடகைக்காரர் வழக்கு, வாடகை ஜப்தி, வாகன விபத்து, இம்மூன்றுக்கும் தொகை வரம்பே கிடையாது. நிலம் யாருடையது என்ற உண்மையான சச்சரவு கிளம்பினால் மட்டும், இருதரப்பும் சம்மதிக்காதவரை, அந்தக் கோர்ட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

ஜப்திக்கும் ஒரு வரம்பு உண்டு. வாடகை பாக்கிக்காக ஆள் வந்து கடைச் சாமானை எடுக்கலாம்; கட்டிய துணியையும் படுக்கையையும் எடுக்கக் கூடாது. தைக்கக் கொடுத்த பிறத்தியார் துணியையும் தொடக் கூடாது. தையல் கடையில் ஜப்தி என்றால், எது கடைக்காரர் துணி, எது தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்தது என்று பிரித்து அடுக்குவதற்கே பாதி நாள் போய்விடும்.

இத்தனையும் வாடகைக்காரருக்கு. தோட்டத்து ஆளுக்கு?

லயத்து வீட்டுக்கு வாடகைச் சீட்டு ஏது? வேலைக்காகக் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். சட்டத்தின் கண்ணில் அவர் வாடகைக்காரர் இல்லை, அனுமதியின்பேரில் தங்கியவர். தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு, பிறகு வீடமைப்புக்கு என்று நிலத்தை விற்றபோது, முதலாளிமார் போனது உயர்நீதிமன்றத்துக்கு. 1980-ஆம் ஆண்டு விதிகளில் 89-ஆம் ஆணை என்று ஒன்று இருந்தது. நெடிய விசாரணை இல்லை. சாட்சிகளைக் கூண்டில் ஏற்றாமல், சத்தியவாக்குமூலங்களை வைத்தே முடித்துவிடலாம். குத்தகை முடிந்தும் போகாத வாடகைக்காரரை அந்த வழியில் எழுப்ப முடியாது. அவருக்குத் தனி வழக்குப் போட வேண்டும். குடியிருப்பவர் பெயர் தெரியாவிட்டால் பெயர் இல்லாமலே வழக்குப் போட்டு, மனுவைக் கதவில் ஒட்டலாம்.

வாடகை வழக்குகளில் செஷன்ஸ் கோர்ட்டுக்குத் தொகை வரம்பு இல்லாதது நல்லதுதான். சீட்டு வைத்திருந்தவருக்குப் பக்கத்திலேயே நீதி கிடைத்தது. சீட்டு இல்லாத லயத்துக்காரருக்கு அந்த வாசல் எவ்வளவு அகலமானாலும் ஒன்றுதான்.

ஒருநாள் மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி என் வீட்டுக்கு வந்தார். கதவில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்து, மடியில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். பின்பக்கம் பசையும் பச்சைப் பெயிண்ட்டும் ஒட்டியிருந்தன.

"தம்பி, இதுல எம்பேரு எங்க இருக்கு?"

இல்லை. ‘குடியிருக்கும் பெயர் தெரியாதவர்கள்’ என்றுதான் இருந்தது.

"என்னப்பா இது? முப்பது வருஷமா பெரட்டுல கிராணி தினமும் எம்பேரைத்தானே கூப்பிட்டாரு!"

அதற்கு மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு வரவில்லை.