கல்லில் நிற்கும் உப்பு வணிகன்

"நம் ஊரைக் காட்டும் படம் ஒன்று, ஆளுக்கொன்றாக நாளை கொண்டு வாருங்கள்" என்று மாணவர்களிடம் சொன்னேன். ஊர், மதுரை. மறுநாள் மேசை மீது படங்கள் குவிந்தன. மீனாட்சி கோவில் கோபுரம் வந்தது, திருமலை நாயக்கர் மகால் வந்தது, தெப்பக்குளம் வந்தது, மீண்டும் கோபுரமே வந்தது! மகாலைக் கட்டுவித்தவர் யார் என்று கேட்டேன். மன்னன் பெயரை வகுப்பே முழங்கிற்று. கல் சுமந்தவன் யார், சுதை பூசியவன் யார் என்று கேட்டேன். வகுப்பு வாயடைத்து நின்றது.

மாணவர் மீது குற்றமில்லை, தோழர்களே! நாம் காட்டியதைத்தானே அவர்கள் கண்டனர்!

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1858ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரைக்கு வந்தார். மெழுகேற்றிய தாளில் படம் பிடித்த காலம் அது. கோவிலை எடுத்தார், மகாலை எடுத்தார், யானைமலையையும் எடுத்தார். யானையொன்று படுத்திருப்பது போன்ற அப்பாறையின் படம் இன்றும் பார்ப்போரை ஈர்க்கிறது. ஆனால், தொலைவிலிருந்து எடுத்த படம் அது! அம்மலையிலே பழந்தமிழ் எழுத்துப் பொறித்த குகை உண்டு, சமணச் சிற்பங்கள் உண்டு என்பதை அது சொல்லாது. அதே ஆண்டில், தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீண்ட படமாக்கிக் காட்டியவரும் அவரே! கருவி ஒன்றுதான், அதை எங்கே திருப்புகிறோம் என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

விடுமுறை நாளொன்றில் நானும் திருப்பிப் பார்த்தேன். நண்பர் ஒருவருடன், அழகர்மலையின் கிடாரிப்பட்டிப் பக்கம் ஏறினேன். அகன்ற குகை, தரையிலே, சமணத் துறவியர் தங்குவதற்காக வெட்டிய கற்படுக்கைகள், மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையின் நெற்றியில் வெட்டிய காடி. எழுத்து எங்கே? நேர் ஒளியில் எடுத்த படத்தில் வெறும் பாறைதான் தெரிந்தது. நண்பர் கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். குழிந்த கோடுகளிலே நிழல் தங்கிற்று. நிழல் தங்கிய இடமெல்லாம் எழுத்தாயிற்று! கைப்பேசித் திரையிலே, ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ் எங்களை ஏறிட்டுப் பார்த்தது.

தமிழி என்றும் தமிழ்ப் பிராமி என்றும் அறிஞர் அழைக்கும் எழுத்து அது. கிறித்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டினது என்று கணித்தார் ஐராவதம் மகாதேவன். அங்கே பெயர் பொறித்திருப்போர் யார்? மதுரைப் பொற்கொல்லன் ஒருவன். உப்பு வணிகன் ஒருவன். வெல்லம் விற்றவன், கொழு விற்றவன், துணி விற்றவன்! துறவியர்க்குக் கொடை தந்தோர் இவர்கள். முடி சூடியவரில்லை, மூட்டை சுமந்து, விலை கூறி, வியர்வை சிந்திப் பிழைத்தவர்கள்.

அவர்களே உளி பிடித்து எழுதினர் என்று நான் அவசர முடிவு கட்டவில்லை. எழுத்தறிந்த ஒருவன் அவர்களுக்காகப் பொறித்திருக்கலாம். சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே நாம் சொல்லுவோம். ஆனால், உப்பு விற்றவனின் பெயரும் கல்லில் நிற்கத் தக்கது என்று அன்றைய மதுரை கருதியது. அதற்குச் சான்று அந்தக் கல்லே! எந்த அவதாரமும் எந்த அற்புதமும் இன்றி, உழைத்தவன் தன் தொழிலின் பெயரோடு வரலாற்றிலே நிற்கிறான். இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?

அந்தப் பெருமையை நாம் எப்படிப் போற்றுகிறோம்? இத்தகைய குகைகள் பலவற்றில், பழைய எழுத்தின் பக்கத்திலேயே காதலர் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறோம்! மதுரை வட்டாரத்துக் குன்றுகள் பலவற்றைக் கல்லுடைப்பு தின்றுவிட்டது. பழங்கல்வெட்டும் குடைவரைக் கோவிலும் கொண்ட அரிட்டாபட்டி, 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2024இல், அப்பகுதியை உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கென ஏலத்தில் விடப்பட்டது. ஊர் எழுந்தது, உழவர் திரண்டனர், 2025 சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை இரத்துச் செய்தது. தம் குன்றின் அருமையை மக்கள் அறிந்திருந்தனர். அறியாத குன்றுக்காக எவர் எழுவார்?

ஆகவே, இளைஞர்களே, கையிலுள்ள கருவியைக் கொஞ்சம் திருப்புங்கள்! எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டுமென்று சுண்ணாம்பு பூசாதீர்கள், சாக்குக்கட்டியால் தேய்க்காதீர்கள், சாய்ந்த ஒளி போதும். பக்கத்திலே ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். நாளும் இடமும் குறித்து வையுங்கள். ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று எடுங்கள். எது சிதைந்தது என்பதைப் படமே கூறும். படம் கல்லுக்கு மாற்றாகாது, கல்லுக்குக் காவலாகும்.

அடுத்த வாரம் என் மாணவர்கள் குன்றேறப் போகிறார்கள். கோபுரம் எங்கும் போய்விடாது. அதைப் படமெடுக்க ஆயிரம் பேர் உண்டு. உப்பு வணிகனுக்கு நாம்தான் உண்டு!