‘இளங்குற்றவாளி’: ஒரு சட்டக் கலைச்சொல்லின் வரலாறு

குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு உள்ளாதலுக்கும் பின்னர்க் குற்றம் இழைத்தலுக்கும் உள்ள தொடர்பை இந்தியச் சட்டமொழி எவ்வாறு புலப்படுத்தியது, எவ்வாறு மறைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1850ஆம் ஆண்டின் தொழில்பயிலுநர் சட்டம் ஆதரவற்ற சிறாரையும் சிறு குற்றம் புரிந்த சிறாரையும் ஒருங்கே தொழில் பயில அனுப்பியது. 1876, 1897ஆம் ஆண்டுகளின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள் தண்டனை பெற்ற சிறாரையே கருதின. சென்னை மாகாணம் 1920இலும், வங்காளம் 1922இலும், பம்பாய் 1924இலும் குழந்தைகள் சட்டங்களை இயற்றின. ஒன்றியப் பகுதிகளுக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டமும் 1986ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமும் ‘புறக்கணிக்கப்பட்டோர்’, ‘குற்றமிழைத்தோர்’ என இருவகை வகுத்தன. முன்னவர் நலவாரியத்திற்கும் பின்னவர் நீதிமன்றத்திற்கும் உரியவராயினர். வீட்டில் அடிபட்டு ஓடிவந்து தெருவில் திருடிய சிறுவன் இருவகைக்கும் உரியவனே. எனினும் திருட்டு வழக்கின் ஆவணத்தில் அவனுக்கு ஒரு பெயரே கிட்டியது. கொடுமையின் வரலாறு அப்பெயருள் இடம்பெறவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடம் 1989இல் வெளியிட்ட ஆய்வு, கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ உள்ளான 908 பேரை ஒப்பீட்டுக் குழுவினர் 667 பேருடன் வைத்து நோக்கியது. இளமையில் கைதானோர் முறையே 26, 17 விழுக்காட்டினர். தொடர்பு உண்டு, ஆயின் கொடுமைக்குள்ளானோருள் ஏறத்தாழ நான்கில் மூவர் இளமையில் கைதாகவில்லை. எனவே ‘கொடுமை குற்றவாளியை உருவாக்கும்’ என்னும் மொழிபெயர்ப்பு பிழையாகும். ‘வாய்ப்பை மிகுவிக்கும்’ என்பதே பொருந்தும்.

குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றபின், 2000ஆம் ஆண்டுச் சட்டம் ‘சட்டத்தோடு முரண்பட்ட இளஞ்சிறார்’ என்றது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் ‘இளஞ்சிறார்’ என்பதன் இடத்தில் ‘குழந்தை’ என்றது. பழிசுமத்தும் சொற்களை விலக்குதலை அதன் 3ஆம் பிரிவு ஒரு நெறியாகவே விதிக்கிறது. அதே சட்டம், கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதினரை, முதனிலை மதிப்பீட்டின்பின், வயதுவந்தோராக விசாரிக்கவும் இடமளித்தது. சொல் கனிந்த வேளையில் விதி கடுமையானது.

‘இளங்குற்றவாளி’ என்பதில் தலைமைச்சொல் ‘குற்றவாளி’; இளமை அதன் அடை மட்டுமே. புதிய தொடரில் தலைமைச்சொல் ‘குழந்தை’. மேலும், அத்தொடர் குற்றம் சாட்டப்பட்டோரையும் உள்ளடக்கும்; பழஞ்சொல்லோ தீர்ப்புக்கு முன்பே தீர்ப்பளித்துவிடுகிறது. ‘முரண்பட்ட’ என்னும் வினையும் வேண்டுமென்றே எதிர்த்து நின்றமையைச் சுட்டக்கூடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆவணத்தில் இடும் பெயரே, அக்குழந்தையிடம் ‘என்ன செய்தாய்?’ என்று மட்டும் கேட்பதா, ‘உனக்கு என்ன நேர்ந்தது?’ என்றும் கேட்பதா என்பதை ஓரளவு முடிவுசெய்கிறது.